உறவா, திறமையா? குடியேற்ற நீதி பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு நாட்டின் எல்லைக்கு வெளியே நின்று, ‘யாமும் உள்ளே வந்து வாழ விரும்புகின்றோம்’ என்று கேட்போர் பல்லாயிரவர். அனைவரையும் ஏற்க அந்நாடு இசையவில்லை. சிலரையே ஏற்பதென்று முடிவு செய்துவிட்டது. அந்தச் சிலரை எவ்வளவுகோல் கொண்டு தெரிந்தெடுப்பது? இன்றைய உலகில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் பெருவழக்காக உள்ளன. முன்னரே உள்ளே வாழ்வோரின் மனைவி, கணவன், மக்கள், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோருக்கு முதலிடம் என்பது ஒரு விடை. கல்வி, தொழில், மொழியறிவு, வயது ஆகியவற்றை மதிப்பெண்ணிட்டு, மிகுதியாகப் பெற்றோருக்கு முதலிடம் என்பது மற்றொரு விடை. முன்னதற்கு ஐக்கிய அமெரிக்காவையும் பின்னதற்குக் கனடாவையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது அறிஞர் வழக்கம். முன்னதை உறவுமுறை என்றும் பின்னதைத் திறமைமுறை என்றும் இங்கே குறிப்போம்.

நம் வாசக அன்பர்களின் மனம் எப்பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது அரிதன்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை, செய்கையினாலேயே உண்டு என்பதை வாசல சூத்திரத்திலும் வாசெட்ட சூத்திரத்திலும் கற்றவர் நாம். அண்ணன் அங்கிருக்கின்றான் என்பதற்காகத் தம்பிக்குக் கதவு திறப்பதும், அங்கே யாருமில்லாத ஒருவன் எத்துணைக் கற்றிருந்தும் வெளியே நிற்பதும் நம் செவிக்குப் பழைய கதையாகவே ஒலிக்கும். குருதியைக் கேளாமல் கல்வியைக் கேட்கும் முறையன்றோ நியாயமானது என்று தோன்றும். இச்சாய்வு இயல்பானதே. ஆயினும் இவ்வழக்கில் பிறப்பு என்பது எங்கே ஒளிந்திருக்கின்றது என்பது மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்குப் புலப்படுவதில்லை. அதைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலம் உறவும் அளவுகோலாக இல்லை, திறமையும் இல்லை. இனமே அளவுகோலாக இருந்தது. 1882-ல் சீனத் தொழிலாளரைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1917-ல் இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியை ஒரே கோட்டுக்குள் அடக்கி, அக்கோட்டுக்குள் பிறந்தோர் வரலாகாது என்றனர். 1923-ல் பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியர் தாம் வெள்ளையரே, ஆதலின் குடியுரிமைக்கு உரியவர் என்று வாதாடினார். பாமர மக்கள் அச்சொல்லை வழங்கும் பொருளில் அவர் வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவ்வழக்கில் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வியிலேயே அவர் ‘உயர்சாதி’ இந்து என்று குறிக்கப்பட்டிருந்தது. ஒரு பிறப்புப் பெருமை மற்றொரு பிறப்புப் பெருமையின் கதவைத் தட்டிற்று, கதவு திறக்கவில்லை. மறு ஆண்டு, 1924-ல், 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஒவ்வொரு நாட்டினரும் எத்தனை பேர் இருந்தனரோ அதில் நூற்றுக்கு இரண்டு பேர் வீதமே இனி ஆண்டுதோறும் வரலாம் என்று பங்கீடு செய்தனர். வட ஐரோப்பியரே மிகுதியாக இருந்த காலத்துக் கணக்கைத் தேடி எடுத்ததில் சூழ்ச்சி வெளிப்படை. இந்தியருக்கு 1946-ல்தான் ஆண்டுக்கு 100 இடங்கள் கிடைத்தன.

திறமை என்னும் அளவுகோல் அந்நாட்டுச் சட்டத்தில் பெரிய அளவில் நுழைந்தது 1952-ல். ஒவ்வொரு நாட்டின் பங்கிலும் பாதி, அமெரிக்காவுக்குத் தேவையான கல்வியும் தொழில்திறனும் உடையோருக்கு என்று அச்சட்டம் ஒதுக்கிற்று. ஆனால் நாட்டுவாரிப் பங்கீட்டை அது தொடவில்லை. ஆகவே திறமை அளவுகோல் அங்கே இனவேற்றுமையை ஒழிக்க வந்ததன்று. இனவேற்றுமை கட்டிய வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் குடியமர்ந்தது. திறமையைப் போற்றுவதும் பிறப்பைப் போற்றுவதும் ஒன்றையொன்று விலக்குவன என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்வாராக.

1965-ஆம் ஆண்டுச் சட்டமே பெருந்திருப்பம். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் சுதந்திரதேவி சிலையின் அடியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்ட அச்சட்டம் இனப்பங்கீட்டை ஒழித்தது. அதன் முதல் வரைவு திறமையுடையோருக்கே முதலிடம் தந்திருந்தது. அதை மாற்றி உறவினருக்கு முதலிடம் தரச் செய்தவர் பிரதிநிதிகள் சபையின் குடியேற்றத் துணைக்குழுத் தலைவராக இருந்த மைக்கேல் ஃபீகன். உறவினரே வருவாராயின் உள்ளே இருப்போரைப் போன்றவரே வருவர். உள்ளே இருப்போர் பெரும்பாலும் ஐரோப்பியர். ஆதலின் நாட்டின் நிறம் மாறாது என்பது அம்மாற்றத்தை ஆதரித்தோர் பலரின் கணக்கு. எண்வரம்புக்குட்பட்ட இடங்களில் நூற்றுக்கு 74 உறவினருக்கும், 20 தொழில்திறனுடையோருக்கும், 6 அகதிகளுக்கும் என்று பங்கிட்டனர். அமெரிக்கக் குடிமக்களின் மனைவி, கணவன், இளஞ்சிறார், பெற்றோர் ஆகியோருக்கு வரம்பே இல்லை.

கணக்கு பொய்த்தது. ஐரோப்பாவிலிருந்து உறவினரை அழைத்துக்கொள்ளும் ஆவல் அதற்குள் தணிந்துவிட்டிருந்தது. ஆசியாவிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் அந்தச் சிறு திறமைக் கதவின் வழியே வந்தனர், குடியுரிமை பெற்றனர், பிறகு உறவுக் கதவின் வழியே பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் அழைத்தனர். 1960-ல் இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 12,000 பேர். இன்று இந்திய வழியினர் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். இனத்தைக் காக்கவென்று சிலர் நட்ட உறவு வேலி, இனவேலியைச் சாய்த்த கருவியாயிற்று. ஒரு சட்டத்தின் அறத்தன்மையை அதை இயற்றியோரின் உள்ளக்கிடக்கை மட்டுங்கொண்டு அளக்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனிக் கனடாவுக்கு வருவோம். அந்நாட்டின் பழைய ஏடும் தூயதன்று. பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் ஒரே பயணத்தில் வந்தாலன்றி இறங்கலாகாது என்னும் 1908-ஆம் ஆண்டு விதி, நேர்க் கப்பல் இல்லாத இந்தியரை விலக்கவே அமைந்தது. 1914-ல் கோமகட்ட மாரு என்னும் கப்பலில் வந்த 376 பேரில் மிகச் சிலரொழிய ஏனையோர் வான்கூவர் துறையிலிருந்து திருப்பப்பட்டதைப் பலரும் அறிவர். அதற்கு ஈராண்டுகளுக்கு முன் நிகழ்ந்த சிறிய நிகழ்ச்சி ஒன்று அத்துணைப் பரவலாக அறியப்படாதது. நம் பொருளுக்கு அதுவே இன்றியமையாதது. பாக் சிங், பல்வந்த் சிங் என்னும் சீக்கியர் இருவர் வான்கூவரில் முன்னரே குடியிருந்தவர். தத்தம் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு 1912-ல் அவர்கள் திரும்பி வந்தபொழுது, ஆடவர் இருவரும் இறங்கலாம், மனைவியரும் குழந்தைகளும் திரும்பிப் போகவேண்டும் என்று அதிகாரிகள் கட்டளையிட்டனர். கிளர்ச்சி எழுந்தபின், இது முன்மாதிரியாகாது, கருணையால் செய்யப்படுவது என்று சொல்லி அவர்களை விட்டனர். அம்மாகாணத்தின் மரம் அறுக்கும் ஆலைகளில் உழைத்த ஏனைய இந்தியரின் மனைவியருக்கு வழி திறந்தது 1919-ல்தான். அதுவரை அவ்வுழைப்பாளிகளின் தோள் வேண்டியிருந்தது. அவர்களுடைய குடும்பம் வேண்டாதிருந்தது.

1962-ல் கனடா இனவேற்றுமையைத் தன் விதிகளிலிருந்து பெரும்பாலும் நீக்கிற்று. அப்பொழுதும் பரந்த உறவினரை அழைக்கும் உரிமையை ஐரோப்பியருக்கும் வேறு சில நாட்டினருக்கும் மட்டும் வைத்துக்கொண்டது. 1967-ல் வந்தது புகழ்பெற்ற மதிப்பெண் முறை. மொத்தம் 100, தேறுவதற்கு 50. கல்விக்கும் பயிற்சிக்கும் 20, அதிகாரி நேரிற் கண்டு மதிப்பிடும் குணநலத்துக்கு 15, அத்தொழிலுக்கு நாட்டில் உள்ள தேவைக்கு 15, தொழில்திறனுக்கு 10, வயதுக்கு 10, முன்னேற்பாடு செய்த வேலைக்கு 10, ஆங்கிலம் பிரெஞ்சு அறிவுக்கு 10, உறவினர் இருத்தலுக்கு 5, சென்று சேரும் ஊருக்கு 5. நிறத்துக்குச் சுழியம். யாழ்ப்பாணத்தாரும் பஞ்சாபியரும் ஜமைக்காவினரும் ஸ்காட்லாந்தினரும் ஒரே தாளில் ஒரே கேள்விகளுக்கு விடை எழுதும் நிலை உண்டாயிற்று. வெள்ளையர் ஆட்சிகளின் வரலாற்றில் இஃது அரிய செயல். இதைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு.

உறவுமுறையின் மீது சாற்றப்படும் குற்றமும் சிறிதன்று. உறவு என்பது சங்கிலி. முதற் கண்ணி யாரோ அவரைப் போன்றவரே அடுத்தடுத்த கண்ணிகள். இந்தியாவிலிருந்து முதலிற் கடல் கடந்து மருத்துவராகவும் பொறியாளராகவும் போனவர் யார்? கல்லூரி வாயிலைத் தலைமுறை தலைமுறையாகத் தம் சொத்தாக வைத்திருந்த சாதியினரே பெரும்பாலோர். அவர்கள் அழைத்தது அவர்களுடைய உடன்பிறந்தாரை. சேரியிற் பிறந்து முதல் தலைமுறையாகக் கல்வி கற்ற இளைஞனுக்கு அங்கே அழைக்க அண்ணனும் இல்லை, அத்தையும் இல்லை. உலகெங்கும் இதே நிலைதான். எவ்வூரிலிருந்து முன்பு ஒருவன் போனானோ அவ்வூரிலிருந்தே பின்னும் பலர் போவர். அடுத்த ஊர் அப்படியே இருக்கும். இதற்கு மறுப்பு இல்லை.

ஆனால் திறமைமுறை அச்சங்கிலியை அறுத்துவிடுகின்றதா? சஞ்சய் சக்ரவர்த்தி, தேவேஷ் கபூர், நிர்விகார் சிங் ஆகிய மூவரும் அமெரிக்க இந்தியரைப் பற்றி 2017-ல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டனர். அவர்கள் காட்டுவது மூன்று சல்லடைகளை. சாதியும் வகுப்பும் முதற் சல்லடை. உயர்கல்வி நுழைவுத் தேர்வுகள் இரண்டாவது. அமெரிக்க விசா மூன்றாவது. மூன்றாம் சல்லடையை மட்டும் பார்ப்பவன், ‘இங்கே சாதி எங்கே இருக்கின்றது? படிப்பைத்தானே கேட்டார்கள்?’ என்பான். முதற் சல்லடையில் விழாதவை மூன்றாவதுக்கு வந்து சேரவே இல்லை என்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டில் ‘தகுதி’ என்னும் சொல் எவ்வாறு ஆளப்பட்டது என்பதை நாம் மறந்தோமல்லோம். 1951-ல் செம்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அவ்வாண்டே அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் செய்ய நேர்ந்ததும் அச்சொல்லின் வரலாற்றில் ஓர் ஏடு. இங்கே தகுதி என்பது பிறப்பின் மறுபெயராக இருக்கக் கூடும் என்று வாதிடும் நாம், அதே தகுதி கப்பலேறியதும் தூய்மையடைந்துவிடும் என்று நம்புவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. ‘மெரிட்டாக்ரசி’ என்னும் சொல்லைப் பரப்பிய ஆங்கிலேயர் மைக்கேல் யங் 1958-ல் எழுதிய நூல் அத்தகைய ஆட்சியை எள்ளுவது. அச்சொல்லைப் பின்வந்தோர் புகழ்ச்சியாக்கிக் கொண்டனர்.

மதிப்பெண் தாளையே சற்று உற்றுப் பார்ப்போம். கனடா 2015 முதல் நடத்திவரும் முறையில் 20 முதல் 29 வயது வரை முழு மதிப்பெண்; 30-ஐத் தாண்டினால் ஆண்டுதோறும் குறைந்து 45-ல் சுழியமாகும். நாற்பத்தைந்து வயதுச் செவிலி இருபத்தைந்து வயதுச் செவிலியைவிடத் தகுதி குறைந்தவளா? இல்லை, வரி செலுத்தும் ஆண்டுகள் அவளிடம் குறைவாக எஞ்சியுள்ளன, அவ்வளவே. 2017-ல் அமெரிக்கச் செனட் சபையில் காட்டன், பெர்டியூ என்னும் இருவர் கொண்டுவந்த, சட்டமாகாது போன மசோதாவில் நோபல் பரிசுக்கு 25 மதிப்பெண், தேறுவதற்கு 30. ஐம்பதைக் கடந்தவருக்கு வயதுக்கென்று மதிப்பெண் இல்லை. எத்தனை நோபல் அறிஞர் ஐம்பதுக்குள் அப்பரிசைப் பெறுகின்றனர் என்பதை வாசகரே எண்ணிக்கொள்க!

இதனால் விளங்குவது யாது? மதிப்பெண் தாள் அளப்பது மனிதனின் தகுதியை அன்று. அவனால் அந்நாட்டுக்கு விளையும் பயனை. பயன் கருதுவது பாவம் என்று நாம் கூறவில்லை. தச்சன் வேண்டுவோன் தச்சனைத் தேடுகின்றான். கொல்லனைத் திருப்பியனுப்புவதால் கொல்லனுக்கு அவன் அநீதி செய்தவனாகான். ஆனால் தச்சனைத் தெரிந்தெடுத்தபின், ‘நான் அறத்தின்படி நடந்தேன், தக்கவனுக்கு உரியதைக் கொடுத்தேன்’ என்று அவன் பெருமை பேசுவானாயின், அது மிகை. மேலும் அத்தச்சனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் யார்? இந்திய அரசின் மருத்துவக் கல்லூரியில் ஏழை மக்களின் வரிப்பணத்தில் கற்ற மருத்துவரை அயல்நாடு ஆயத்தப் பொருளாகப் பெற்றுக்கொள்கின்றது. இதற்கு ஈடாக ஒரு வரி வேண்டும் என்று ஜகதீஷ் பகவதி 1970-களில் எழுதினார், எந்நாடும் செவிசாய்க்கவில்லை. வறிய நாடுகளிலிருந்து மருத்துவத் துறையினரை இழுப்பதில் அடக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-ல் ஒரு நெறித்தொகுப்பு வகுத்தது. அதற்குக் கட்டாயம் ஏதும் இல்லை.

பயன் என்னும் கோட்பாட்டை அதன் எல்லைவரை கொண்டுசென்றால் என்ன விளையும் என்பதை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. பாரசீக வளைகுடா நாடுகளைப் பார்த்தால் போதும். அங்கே கட்டடம் எழுப்பும் தமிழன், மலையாளி, பீகாரி, நேபாளி ஆகியோர் உழைப்புக்காக மட்டுமே ஏற்கப்படுகின்றனர். குறிப்பிட்ட ஊதியத்துக்கு மேல் பெறுவோனே குடும்பத்தை அழைக்கலாம். குறைந்த கூலியாளுக்கு அது கனவு. பதினைந்து, இருபது ஆண்டுகள் அவ்வாறு கழித்து, தன் மகளின் வளர்ச்சியை நிழற்படத்திலும் கைப்பேசியிலுமே கண்ட தந்தையர் நம் ஊர்களில் எண்ணற்றோர். உறவு என்னும் கூறே கலவாத தூய திறமைமுறை என்றால், அதற்குரிய எடுத்துக்காட்டு ஒட்டாவாவில் இல்லை, துபாயில் இருக்கின்றது. கனடாவின் முறையை நாம் மதிப்பதற்குக் காரணம், திறமைக்கென்று ஏற்கப்பட்டவனோடு அவன் மனைவியும் குழந்தைகளும் அதே நாளில் இறங்கலாம் என்பதே. பொருளாதார வகுப்பு என்று அங்கே எண்ணப்படுவோரில் ஏறத்தாழப் பாதியினர் இவ்வாறு உடன்வந்த குடும்பத்தினர். திறமைமுறையைத் தாங்கிப்பிடிப்பது அதனுள் மறைந்திருக்கும் உறவுமுறை.

இப்பொழுது வழக்கின் நடுவுக்கு வருகின்றோம். உறவுமுறையைப் பிறப்புரிமை என்று பழிப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. உரிமை கேட்பவர் யார்? வெளியே நிற்கும் மனைவி அல்லள். உள்ளே இருக்கும் கணவன். அவன் அந்நாட்டின் உறுப்பினன். அதன் வயலில் உழைக்கின்றான், வரி கொடுக்கின்றான், சட்டத்துக்குக் கீழ்ப்படிகின்றான். அவனிடம் நாடு, ‘நீ இங்கேயே இரு, ஆனால் உன் மனைவியின்றி இரு’ என்று சொல்லலாமா என்பதே கேள்வி. பாக் சிங்கின் வழக்கில் அவருடைய மனைவியின் கல்வி என்ன, அவரால் கனடாவுக்கு என்ன இலாபம் என்று கேட்பது பொருளற்ற கேள்வியாகும். அங்கே எடைபோட வேண்டியது அவரைப் பற்றிய பயனன்று. குடியிருப்போனுக்கு நாடு பட்ட கடன். ஆகவே உறவுமுறையும் திறமைமுறையும் ஒரே பரிசுக்குப் போட்டியிடும் இரண்டு அளவுகோல்கள் அல்ல. ஒன்று கடனைத் தீர்ப்பது. மற்றொன்று இலாபம் தேடுவது. கடனைத் தீர்த்தபின் எஞ்சியதில் இலாபம் தேடுவதே எந்த வணிகனுக்கும் முறை.

சங்கத்தின் பழைய வரலாற்றிலும் இவ்விரு கேள்விகளும் தனித்தனியே நின்றன. சாக்கிய இளவரசர் துறவு பூண வந்தபொழுது, தம் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு நாவிதரான உபாலிக்கே முதலில் துறவு தரவேண்டும் என்று அவர்களே கேட்டனர் என்றும், அவ்வாறே அவருக்கு முதலிடம் தந்து அவர்கள் அவரை வணங்கும் முறை ஏற்பட்டது என்றும் விநய நூல் கூறும். அங்கே பிறப்பு வாயிலிலேயே அவிழ்த்து வைக்கப்பட்டது. ஆனால் அதே விநயத்தில், இராகுலன் துறவேற்றபின் சுத்தோதனர் வந்து முறையிட, பெற்றோரின் இசைவின்றி மக்களைச் சேர்க்கலாகாது என்று பகவன் விதித்ததையும் காண்கின்றோம். எக்குலம் என்று கேளாத சபை, ‘உன்னைப் பிரிவதால் வருந்துவோர் யார்?’ என்று கேட்கத் தவறவில்லை. குலத்தைத் துறந்ததனால் பாசத்தையும் கணக்கிலிருந்து நீக்கவேண்டும் என்பது இல்லை. சங்கம் வேறு, நாடு வேறு என்பது உண்மையே. ஆயினும் பிறப்பின் பெருமையை மறுப்பதும் உறவின் கடமையை மதிப்பதும் ஒரே உள்ளத்தில் முரணின்றி இருக்கக் கூடும் என்பதற்கு இது போதும்.

அவ்வாறாயின் உறவு எதுவரை நீளும்? இங்கேதான் உறவுமுறையின் அன்பர்கள் தடுமாறுகின்றனர். மனைவி, கணவன், வளராத மக்கள் ஆகியோரைப் பற்றி ஐயமில்லை. முதிய பெற்றோரைப் பற்றியும் நமக்கு ஐயமில்லை. ஆனால் நாடுகள் அங்கே கணக்குப் பார்க்கின்றன. முதியோர் வரி கொடார், மருத்துவச் செலவு மிகுதி என்கின்றன. ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண விசாவுக்குக் காத்திருக்கும் காலம் 30 ஆண்டுகளுக்கு மேல் என்று அரசே அறிவிக்கின்றது. அறுபது வயதுத் தாய்க்கு இவ்வறிவிப்பின் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விரைவில் வரவேண்டுமாயின் ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டணம் செலுத்தும் வேறு வகை உண்டு. கனடா பெற்றோரை அழைப்போரைப் பல ஆண்டுகளாகக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்தது. ஒரு நாடு மகனை அவனுடைய இளமைக்காக ஏற்று அவன் உழைப்பின் பயனைப் பெற்றபின், அவனை வளர்த்த தாயைச் செலவு என்று எழுதிவைப்பது நேர்மையான கணக்கு அன்று. சிகாலோவாத சூத்திரம் மகனுக்கு விதித்த முதற் கடமை, தன்னை வளர்த்தோரைத் தான் பேணுதல்; அதைச் செய்ய முடியாத நிலையில் அவனை நிறுத்துவதற்கு மிகவும் வலிய காரணம் வேண்டும். சில்லறைச் செலவு அத்தகைய காரணமாகாது.

உடன்பிறந்தார் நிலை வேறு. அமெரிக்கா ஆண்டுக்கு 65,000 இடங்களைக் குடிமக்களின் உடன்பிறந்தாருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் ஒதுக்குகின்றது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவிற் பிறந்தோர் வரிசையில் முறை வந்தது 2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மனுச் செய்தோருக்கு. பதினெட்டு ஆண்டுகளுக்குள் தம்பிக்கு நரை தோன்றிவிடும். குழந்தைகள் 21 வயதைக் கடந்து மனுவிலிருந்து உதிர்ந்துவிடுவர். 2013-ல் செனட் சபை நிறைவேற்றிய மசோதா இவ்வகுப்பை நீக்கிவிட எண்ணிற்று. மற்றச் சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. எம் கருத்தில், தனிக்குடும்பம் அமைத்துத் தன் காலில் நிற்கும் அண்ணன் தம்பியைப் பிரிந்து வாழ்தல் துன்பமே, ஆயினும் நாடு பட்ட கடன் அன்று. யாருமற்ற அந்த முதல் தலைமுறை இளைஞனுக்கு எதிராக வைக்கும்பொழுது, மணமான அண்ணனின் உரிமை மிகுதி என்று எம்மால் சொல்ல இயலவில்லை. இது பல குடும்பங்களுக்குக் கசப்பான முடிவு என்பதை அறிவோம். கூட்டுக் குடும்பப் பண்பை மேனாட்டு அளவுகோலால் அறுக்கின்றீர் என்பாரும் உளர். அண்ணனே தந்தையாக நின்று வளர்த்த தம்பியும், தமக்கையின் ஆதரவிலேயே வாழும் கைம்பெண்ணும் உண்மையில் உண்டு. சட்டம் உறவின் பெயரைக் கேளாமல் ஒருவர் மற்றவரைச் சார்ந்து வாழும் நிலையைக் கேட்குமாயின் அவர்களுக்கு வழி பிறக்கும். பெயரளவில் அண்ணன் என்பது மட்டும் போதாது.

இனி, பிறப்பு ஒளிந்திருக்கும் இடம் என்று தொடக்கத்திற் கூறியதைக் காட்டவேண்டும். குடியுரிமை என்பதே பிறப்பினால் வருவது. பழைய நிலப்பிரபுத்துவச் சலுகையை ஒத்தது என்று ஜோசப் காரென்ஸ் 1987-ல் வாதிட்டார். அவர் கூற்று முழுவதையும் ஏற்காதாரும் கீழ்க்காணும் விதியை மறுத்தே தீரவேண்டும். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில்வழி நிரந்தரக் குடியிருப்புக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,40,000 இடங்கள். மனைவி மக்களும் அவ்வெண்ணிலேயே அடங்குவர். இவற்றில் எந்த ஒரு நாட்டினரும் நூற்றுக்கு 7-க்கு மேல் பெறலாகாது என்பது பொதுவிதி. நூற்று நாற்பது கோடி மக்களுள்ள இந்தியாவுக்கும் நான்கு இலட்சமும் நிரம்பாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. ‘நாட்டினர்’ என்பது குடியுரிமையைக் குறிப்பதன்று. பிறந்த இடத்தைக் குறிப்பது. இந்தியப் பொறியாளர் ஒருவர் பிற்காலத்தில் கனடாவின் குடிமகனாகிவிட்டாலும் அவர் இந்திய வரிசையிலேயே நிற்பார். தந்தை கொழும்பில் வாழ்ந்த காலத்தில் அங்கே பிறந்த இந்தியர் குறுகிய வரிசையில் நிற்பார். இருவரும் ஒரே கல்லூரியில் கற்று ஒரே அலுவலகத்தில் ஒரே வேலை பார்ப்பவராக இருக்கலாம். 2024-ல் மேற்பட்டம் பெற்றோர் வகுப்பில் இந்தியாவிற் பிறந்தோருக்கு, 2012-ல் தொடங்கிய மனுக்களே எடுக்கப்பட்டன. பெரும்பாலான ஏனைய நாடுகளிற் பிறந்தோருக்குக் காத்திருப்பு ஓரிரண்டு ஆண்டுகளே.

திறமைக்கென்றே வகுத்த கதவில் தொங்கும் பூட்டு இது. இதன் சுமை விழுவதும் குடும்பத்தின் மீதே. எச்-1பி விசாவில் வந்தவரின் மனைவி, தாமும் பட்டம் பெற்றவராயினும், வேலை செய்ய நெடுங்காலம் அனுமதி இல்லை. 2015-ல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அனுமதி பிறந்தது. கைக்குழந்தையாக வந்து அந்நாட்டுப் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளை, தந்தையின் முறை வருமுன் 21 வயதை எட்டினால் அவருடைய மனுவிலிருந்து விலக்கப்பட்டுத் தனியே வேறு விசா தேடவேண்டும், அல்லது தான் அறியாத பிறந்த மண்ணுக்குத் திரும்பவேண்டும். 2002-ல் இயற்றிய சட்டம் ஒன்று இவ்வயதுக் கணக்கில் சிறிது தளர்வு தந்தது. பத்தாண்டு வரிசைக்கு அத்தளர்வு போதவில்லை. தொழில்வழி இடங்களில் இந்நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019-ல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்னும் பெரும்பான்மையில் நிறைவேறிற்று. 2020 டிசம்பரில் செனட் சபை அதன் வேறொரு வடிவை நிறைவேற்றிற்று. இரண்டையும் இணைக்குமுன் அச்சபைகளின் காலம் முடிந்தது. மசோதாவும் அதனோடு மடிந்தது. விதி இன்றும் நிற்கின்றது. மனுத்தாளில் பிறந்த இடத்துக்குரிய கட்டமும் அப்படியே இருக்கின்றது.